பெரிய நம்பரைப் பார்த்து பிராசஸர் வாங்காதீங்க!

"மாமா, எனக்கு ஐ9 தான் வேணும். நீங்க வச்சிருக்கிறதும் அதானே?"

2025 மே மாதம் திருநெல்வேலியிலிருந்து அக்கா மகன் போனில் கேட்டான். பிளஸ் டூ முடித்து இன்ஜினியரிங் சேரப் போகிறவன். சீட்டு எடுத்த பணத்தில் ஒரு நல்ல கேமிங் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாக அக்கா சொல்லியிருந்தாள். "நீ அந்த வேலையிலதானடா இருக்கே, நீயே பார்த்துச் சொல்லு. காசு வீணாயிரக் கூடாது" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள்.

அவன் கேட்டதில் தப்பே இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் நானும் 2023 கடைசியில் அதைத்தான் செய்தேன். சிம் லிம் ஸ்கொயருக்குப் போய், விலைப்பட்டியலில் பெரிய நம்பரைப் பார்த்து இன்டெல் கோர் ஐ9-14900கே வாங்கினேன். 24 கோர், 6 ஜிகாஹெர்ட்ஸ் வரை வேகம். நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன். மானிட்டர் 4கே. சில மாதம் கழித்து, கேம் ஓடும்போது எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்யுது என்று பார்த்தேன். கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பிராசஸர் பாதி நேரம் சும்மா இருந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை கிராபிக்ஸ் கார்டில் போட்டிருக்கணும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. கேட்டு வாங்கியது நான்தான்.

விஷயம் இதுதான். கேமில் எதிரி எங்கே நிற்கிறான், குண்டு பட்டதா என்று கணக்குப் போடுவது பிராசஸர். அந்தக் காட்சியைப் புள்ளி புள்ளியாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் சுமார் 83 லட்சம். வரைகிற வேலை நாலு மடங்கு ஏறுது, கணக்குப் போடும் வேலை பெரிதாக ஏறுவதில்லை. அதனால் திரை பெரிதாகப் பெரிதாக, வேகத்தை முடிவு செய்வது கார்டுதான்.

வேகமான திரை வேற கதை. 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு காட்சியை 16.7 மில்லிசெகண்டில் கொடுத்தால் போதும். 144 ஹெர்ட்ஸுக்கு சுமார் 7. 240 ஹெர்ட்ஸுக்கு 4.2 தான். இங்கேதான் பிராசஸர் திணறும்.

அப்படித் திணறும்போதும் கோர் எண்ணிக்கை மட்டும் கைகொடுக்காது. கேச் மெமரி முக்கியம். சமைக்கும்போது கடுகு அஞ்சறைப் பெட்டியில் இருந்தால் கை நீட்டி எடுக்கலாம். பரணில் இருந்தால் ஒவ்வொரு தடவையும் ஏறி இறங்கணும். கேச் அந்த அஞ்சறைப் பெட்டி, ரேம் பரண். 14900கே-வில் எல்3 கேச் 36 எம்பி. 2023 ஏப்ரலில் வந்த ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி-யில் வெறும் 8 கோர்தான், ஆனால் கேச் 96 எம்பி. அறிமுக விலை 449 டாலர், ஐ9-க்கு 589. இருந்தும் பல கேம்களில் அந்த 8 கோர் சிப்தான் முந்தியது. 2024 நவம்பரில் அதன் வாரிசான 9800எக்ஸ்3டி-யும் வந்துவிட்டது.

மருமகனிடம் கேட்டேன்: "என்னடா விளையாடுவே?"

"வேலரன்ட் மாமா. அப்புறம் சைபர்பங்க் மாதிரி பெரிய கேம் எல்லாம்."

"மானிட்டர்?"

"144 ஹெர்ட்ஸ், 1080பி. போன வருஷம்தான் அப்பா வாங்கிக் கொடுத்தாரு."

"அப்ப உனக்கு ஐ9 வேண்டாம். எக்ஸ்3டி-கூட இப்போ வேண்டாம்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

நான் சொன்னது 6 கோர் ரைசன் 5 7600. அறிமுக விலை 229 டாலர். வேலரன்டை அந்தத் திரைக்குத் தேவையானதைவிட வேகமாகவே ஓட்டிவிடும். சைபர்பங்குக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டுதான் வேணும். மிச்சப் பணம் அங்கே போகட்டும். ஐ9 முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். 7600-க்கு 65 வாட்தான் கணக்கு. ஏசி இல்லாத அறையில் திருநெல்வேலி வெயிலோடு அந்தச் சூட்டையும் சேர்க்கணுமா?

இன்னொன்று, சாக்கெட். 14900கே உட்காரும் எல்ஜிஏ 1700, அந்தத் தலைமுறையோடு நின்றுவிட்டது. 2024-ல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு வேறு மதர்போர்டு வேணும். 7600 உட்காரும் ஏஎம்5-ல் நாளைக்கு எக்ஸ்3டி சிப்பையும் மாட்டலாம். சம்பாதிக்க ஆரம்பித்ததும் அவனே மாற்றிக்கொள்வான்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். வாரண்டி ஊரிலேயே கிடைக்கட்டும் என்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பில்லோடு வாங்கச் சொன்னேன். அடுத்த வாரம் அக்கா கூப்பிட்டாள்: "மிச்சக் காசுல யூபிஎஸ்ஸும் வாங்கியாச்சுடா. இவன் ரூமை விட்டு வெளியவே வர்றதில்ல!"

உங்களிடம் ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருந்தால் செலவுக்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்க. கேமில் ரெசல்யூஷனைக் குறைங்க. வேகம் ஏறினால் கார்டுதான் தடை. ஏறவே இல்லையென்றால் பிராசஸரைப் பற்றி யோசிக்கலாம். 240 ஹெர்ட்ஸுக்கு மேல் திரை வைத்திருப்பவர்களும், மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் ஓட்டுபவர்களும் தாராளமாக எக்ஸ்3டி வாங்கலாம். மற்றவர்கள் முதலில் உங்க திரையைப் பாருங்க, அப்புறம் கடைக்குப் போங்க. நான் தலைகீழாகச் செய்தேன்.