ஆசிரியர் தருவது காற்கூறு

பழைய மாணவர் சங்கத்து அன்பர்கள் இவ்விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென எழுதியபோது, தமிழாசிரியனாகிய என்னிடம் இலக்கியக் கட்டுரையொன்றையே எதிர்பார்த்திருப்பர். ஆயினும், நானுஓயாவிற் பணிபுரியும் என் மனத்தைச் சில காலமாக உறுத்திவரும் செய்தி ஒன்றையே எழுதத் துணிந்தேன்.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுள் பல்கலைக்கழகம் புகுவோர் மிகச் சிலர். கல்வியிற் பின்தங்கியனவென வகுக்கப்பட்டுத் தனி ஒதுக்கீடு பெறும் மாவட்டங்களுள் நுவரெலியாவும் ஒன்று. ஒருவனுக்கு இடங் கிடைத்ததென்றால் லயம் முழுவதும் மகிழும். தாய் கொழுந்து பறித்துச் சேர்த்த காசிற் பெட்டி வாங்கிக் கொடுத்துப் புகையிரத நிலையத்தில் வழியனுப்புவர். அவ்வாறு ஹற்றன், நாவலப்பிட்டி கடந்து பேராதனைக்குச் சென்ற என் மாணவன் ஒருவன், முதல் விடுமுறைக்கு முகம் வாடி வந்தான்.

"சேர், அங்கே யாரும் நோட்ஸ் சொல்லித் தருவதில்லை. ஒரு மணிநேரம் பேசுகிறார்கள். படிக்கவேண்டிய நூல்களின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் எதைப் பாடமாக்குவது? படிப்பை விட்டுவிடலாமோ என்றிருக்கிறது" என்றான்.

அவ்வினா என்னைச் சுட்டது. உயர்தர வகுப்பில் ஈராண்டுகள் அவனுக்குக் குறிப்புகளைச் சொல்லச் சொல்ல எழுதுவித்தவன் நானே. அவன் பெற்ற சித்தி என் கொப்பியின் சித்தி. கொப்பி முடிந்ததும் அவன் கைவிடப்பட்டான்.

நன்னூலைப் பல்லாண்டு கற்பித்தும் அதன் பொதுப்பாயிரத்தை நான் வாழ்விற் கொள்ளவில்லை. 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் அங்கே ஒரு கணக்குச் சொல்கின்றார். ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே கொண்டாலும் மாணாக்கன் அடைவது புலமையிற் காற்கூறே. உடன் கற்பாரோடு பயில்வதால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வரும். பல்கலைக்கழகம் வேண்டி நிற்பது அந்த முக்காற்கூற்றை. நாம் கட்டிக்கொடுத்து அனுப்புவதோ முதற் காற்கூறு மட்டுமே.

ஆசிரியராகத் தொழில் தொடங்கிய ஒருவர் இதனை வாழ்ந்து காட்டினார். விபுலாநந்த அடிகள், துறவுக்கு முன் மயில்வாகனனாராக ஆசிரியப் பணி செய்துகொண்டே, 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர் தேர்விலும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் சித்தியெய்தினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் வெளிவந்த யாழ்நூலிற் சிலப்பதிகாரமும் கணிதமும் ஒலியியலும் ஒன்றுகூடுகின்றன. அதற்கு எந்த ஆசிரியர் நோட்ஸ் சொல்லியிருக்க முடியும்?

அவ்விடுமுறையில் மாணவனும் நானும் ஒரு முயற்சி செய்தோம். நூலின் ஓர் இயலைப் படிப்பான்; நூலை மூடுவான்; தன் சொல்லில் ஐந்தாறு வரி எழுதுவான். பின்னரே நூலைத் திறந்து ஒப்புநோக்குவான். முதல் நாள் அவன் எழுதியவை நூலாசிரியரின் வரிகளே; நினைவாற்றல் அத்துணை நன்கு பழக்கப்பட்டிருந்தது! நாலைந்து நாளின் பின்னரே தன் சொல் வந்தது. நூற்பெயரும் பக்க எண்ணும் குறிக்கப் பழகினான். முழு நூலையும் படித்தே தீரவேண்டும் என்றிருந்தவனுக்கு, இறுதியிலுள்ள பொருளகராதியைக் கொண்டு வேண்டிய பகுதியைத் தேடும் வழி புதிதாயிருந்தது. ஆங்கில நூலென்றால் அகராதியோடு ஒரு நாளைக்கு ஒரு பக்கம். விரிவுரைக்கு முன்னரே அப்பொருளைச் சிறிது படித்து, விளங்காதவற்றை வினாவாக எழுதிக்கொண்டு செல்லுமாறும் சொன்னேன்.

இறுதியில் என் வகுப்பாருக்கு ஒரு பாடம் எடுக்கச் செய்தேன். நான் பின் வாங்கில் அமர்ந்திருந்தேன். நடுவில் ஒரு சிறுமி "ஏன் அப்படி?" என்று கேட்டாள். அவன் திகைத்து நின்றான். "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்றான். ஈராண்டுகளில் அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதற் கல்வி வாக்கியம் அதுவே. இப்போது அவன் இரண்டாம் ஆண்டிற் பயில்கின்றான்.

இன்று வாரத்தில் இரண்டு நாள்கள் நான் குறிப்புச் சொல்வதில்லை. "நோட்ஸ் தராத சேர்" எனப் பெற்றோர் சிலர் குறைப்பட்டுக்கொள்கின்றனர். தேர்வை நினைந்து அவர்கள் அஞ்சுவதும் நியாயமே. அதனாலன்றோ மற்றை மூன்று நாள்களை விடவில்லை! மாணவர் தாமாகப் படிப்பதற்கோ எங்களிடம் நூல்கள் போதவில்லை. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் வீடுகளிற் பயன்படாதிருக்கும் அகராதிகள் இருப்பின் அனுப்பியுதவுக. தாள் கிழிந்திருப்பினும் ஒட்டிக்கொள்வோம்.