வால் இல்லாத விமானம்: எக்ஸ்-45ஏ
ஆளில்லாப் போர் விமானம் (சோதனை) | போயிங், அமெரிக்கா | செய்தவை: 2 | இறக்கை விரிப்பு: சுமார் 10.3 மீட்டர்

தோல் பதனிடும் மேல்விஷாரத்துக்காரர்களுக்குத் தோலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தடவிப் பார்த்தே தரம் சொல்வார்கள். ரேடாரும் விமானத்தை அதன் மேற்பரப்பைத் தடவித்தான் கண்டுபிடிக்கிறது.

அந்தத் தடவலுக்கு எளிதில் சிக்காத உடம்பு இது. வால் கிடையாது. காற்றை இழுக்கும் வாய் முதுகில் இருக்கிறது. குண்டுகள் வயிற்றுக்குள் மறைந்திருக்கும். விமானி இல்லை, அதனால் கண்ணாடிக் கூண்டும் இல்லை.

முதல் பறப்பு 2002 மே 22, கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில். 2004 ஏப்ரலில் வெடிமருந்து இல்லாத 250 பவுண்டு குண்டைப் போட்டு இலக்கை அடித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தரையிலிருந்த ஒரே ஆள் இரண்டு விமானங்களையும் சேர்த்துப் பறக்கவிட்டார்.

சோதனைகள் தேறின, திட்டம் தேறவில்லை. விமானப் படைக்கும் கடற்படைக்கும் தேவை வேறுவேறாகவே, 2006இல் கூட்டுத் திட்டம் கைவிடப்பட்டது. இரண்டு விமானங்களும் இன்று அமெரிக்க அருங்காட்சியகங்களில் நிற்கின்றன.

இதே வாலில்லா வழியில் இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ செய்த சோதனை விமானம் 2022 ஜூலை 1 அன்று கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் பறந்தது.