உங்களுக்குத் தெரியுமா? கார்னிஸின் பூவை மறைப்பது பெயிண்ட்!

லண்டனின் விக்டோரியா கால வீடுகளில் சுவரும் உள்கூரையும் சேருமிடத்தில் ஓடும் அலங்காரப் பட்டைதான் கார்னிஸ். வடிவம் வெட்டிய உலோகத் தகட்டை மரச்சட்டத்தில் பொருத்தி, ஈரச் சாந்தின்மேல் திரும்பத் திரும்ப இழுத்தே இதைச் சுவரில் உருவாக்கினார்கள். இலைகளையும் பூக்களையும் தனியே வார்த்து ஒட்டினார்கள். 1856-இல் டெசாஷி என்ற பிரெஞ்சுச் சிற்பக் கலைஞர், பிளாஸ்டருக்குள் துணி வைத்து வார்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அதன்பின் நீளமான, எடை குறைந்த துண்டுகளைப் பட்டறையிலேயே செய்து கொண்டுவர முடிந்தது.

பல வீடுகளில் இன்று பூவேலை மொழுக்கென்று தெரியக் காரணம், தலைமுறை தலைமுறையாக அதன்மேல் அடித்த பெயிண்ட். பழைய டிஸ்டெம்பரை வெந்நீரில் ஊறவைத்து மரக்குச்சியால் மெல்ல நீக்கினால், இலையின் நரம்புகூட வெளிப்படும். எத்தனை அருமையான கைவேலை! உடைந்த பகுதிக்கு, மிஞ்சியிருக்கும் பகுதியிலிருந்து சிலிக்கோன் அச்செடுத்துப் புதிதாக வார்க்கலாம். அப்படியே பெயர்த்து எறிந்துவிட்டு தெர்மோகோல் பட்டை ஒட்டுவது பெரும் இழப்பு.

பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். சோதிக்காமல் உலர்வாகச் சுரண்டாதீர்கள். அந்தத் தூசி குழந்தைகளுக்கு நஞ்சு.