சமூகப் பணியாளருக்குச் சன்னது எங்கே?

மதுரை சிம்மக்கல்லில் வக்கீல் பலகை மாட்ட பார் கவுன்சில் பதிவு வேண்டும். மருந்துக் கடை வைக்க, பதிவு பெற்ற மருந்தாளுநர் வேண்டும். ‘சமூகப் பணியாளர், குடும்ப ஆலோசகர்’ என்று பலகை எழுதினால் மட்டும், என்ன படித்தீர்கள் என்று கேட்க ஒரு சட்டமும் இல்லை.

ஏ.வி. பாலத்தைத் தாண்டி கோரிப்பாளையம் போய், அரசு இராசாசி மருத்துவமனை போன்ற இடத்தில் நின்று பார்த்தால் கதை மாறுகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநலச் சமூகப் பணியாளர் என்றால் முதுகலைப் பட்டத்தோடு இரண்டாண்டு எம்.ஃபில். படித்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வுப் பணிக்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது. மீறினால் ஓராண்டு வரை சிறைகூட உண்டு. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம், மருத்துவச் சமூகப் பணியாளரையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஆக, நோயாளியின் அருகே நிற்கும்போதுதான் இவர் சட்டத்தின் கண்ணில் படுகிறார்.

குற்றம் சாட்டப்பட்ட சிறார்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தைப் பாருங்கள். நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் அமர வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டுச் சட்டம். யார் அமரலாம்? குழந்தைகளின் உடல்நலம், கல்வி, நலப்பணிகளில் ஏழாண்டாவது ஈடுபட்டவர். அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவர். சமூகப் பணிப் பட்டம் அந்த வரிசையில் இல்லவே இல்லை! அழகர்கோவில் சாலையில் 1971 முதல் அதற்கென்றே ஒரு கல்லூரி நடக்கும் ஊர் இது. அங்கே படித்து வெளிவருபவரின் பட்டத்துக்கு இந்த இருக்கையில் தனி மதிப்பில்லை என்பது எனக்கு ஏற்கத்தக்கதாகத் தெரியவில்லை.

சமூகப் பணிக்குத் தேசிய அளவில் ஒரு கவுன்சில் வேண்டும் என்ற கோரிக்கை 1990-களிலேயே எழுந்தது. சட்டமாகவில்லை. பிலிப்பைன்ஸ் 1965-லேயே உரிமத் தேர்வுக்குச் சட்டம் இயற்றிவிட்டது. இங்கிலாந்தில் 2005 முதல் பதிவு இல்லாதவர் ‘சமூகப் பணியாளர்’ என்ற பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது.

பதிவு வந்தால் படிக்காத சேவையாளர்கள் ஒதுக்கப்படுவார்கள் என்ற பயம் நியாயமானது. களஞ்சியம் என்ற மகளிர் சுயஉதவிக் குழு இயக்கத்தின் சின்னப்பிள்ளை எழுதப் படிக்கத் தெரியாத, மதுரைப் பக்கத்துக் கிராமத்துப் பெண்மணி. பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்படிப்பட்டவரை எந்தச் சட்டமும் தடுக்கக் கூடாது. சேவையை யாரும் செய்யட்டும். தொழிற்பெயருக்கும் சம்பளப் பதவிக்கும் மட்டும் பதிவு இருக்கட்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். மறுவாழ்வு, மனநலப் பணியாளரிடம் பதிவு எண் கேளுங்கள். குழந்தைகள் இல்லம் என்றால் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். பதிவில்லாமல் நடத்துவது குற்றம். சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். தனியார் ஆலோசகர் கட்டணம் வாங்கிக்கொண்டு கேடு செய்தால் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். இலவசமாகச் செய்திருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.