வித்தும் விளைவும்

ஒருவனை ஆராய்ந்து தெளிந்து பொறுப்பினை ஒப்புவித்தல் அரிய கலையாகும். அதன் அருமை கருதியன்றோ வள்ளுவர் பெருந்தகை தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்தார்! அக்கலையை இக்காலத்து இளைஞர் கணினி விளையாட்டொன்றிற் பயில்கின்றனர் என்றால் வியப்புத் தோன்றலாம்.

பேஸ்போல் என்பது பந்தை மட்டையால் அடித்து ஓடும் அமெரிக்க ஆட்டம். நம் கிரிக்கட்டுக்கு ஒருவகையில் உறவினது. அவ்வாட்டக் குழுவொன்றை நிருவகிப்பதாகப் பாவித்து ஆடும் விளையாட்டே ‘அவுட் ஒஃப் த பார்க் பேஸ்போல்’. ஜெர்மானியரான மார்க்கஸ் ஹைன்சோன் ஆக்கிய இது 1999இல் வெளிவந்தது. இதனை ஆடுவோன் மட்டை பிடிப்பதில்லை; மனிதரை மதிப்பிடுகிறான். ஆண்டுதோறும் பள்ளி, கல்லூரி இளைஞரின் பெயர்ப்பட்டியல் வரும். குழுக்கள் முறைவைத்து ஒவ்வொருவராய்த் தெரிந்தெடுக்கும்.

ஒவ்வோர் இளைஞனுக்கும் இருவகை எண்கள் உள. ஒன்று இன்றைய ஆற்றல். மற்றது நாளை எய்தக்கூடிய எல்லை. 20 முதல் 80 வரையான அளவுகோலில் இவற்றைக் காணலாம். எல்லை உயர்ந்தவனை எடுத்தாற் போதாதோ எனின், போதாது. அவ்வெண் தேர்வாளனின் கணிப்பேயன்றி முடிந்த உண்மையன்று. 18 வயதினனுக்கு வளர இடமும் மிகுதி, ஐயமும் மிகுதி. 21 வயதினனுக்கு இரண்டும் குறைவு. ஆதலின் உழைக்கும் இயல்பையும் உடலுறுதியையும் சேர்த்தே எடைபோடல் வேண்டும்.

கணிப்பு எத்துணை பிழைக்கும் என்பதற்கு மெய்யான களமே சான்று. 1988ஆம் ஆண்டுத் தெரிவில் மைக் பியாசா 1,390ஆவதாகவே எடுக்கப்பட்டார். அதுவும் அவர் தந்தைக்கும் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் குழுவின் மேலாளருக்கும் இருந்த நட்பினாலேயாம். அவரே 427 ‘ஹோம் ரன்’ அடித்து, 2016இல் அவ்வாட்டத்தின் புகழ்மண்டபத்துள் இடம்பெற்றார்.

நம் நாட்டிலும் சான்றுண்டு. கண்டியில் மலையகத் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த முத்தையா முரளிதரன் பள்ளியில் மிதவேகப் பந்துவீச்சாளராகவே தொடங்கினார். அவர்தம் 14ஆம் வயதளவில், சுழற்பந்துக்கு மாறுமாறு கூறியவர் புனித அந்தோனியார் கல்லூரிப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. விளைவு, 2010இல் நிறைவுற்ற 800 டெஸ்ட் விக்கட்டுகள்! இன்றைய எண்ணை மட்டும் நோக்கியிருப்பின் அவ்வித்து முளைத்திராது.

கணினியுள் ஒரு நீதியுண்டு. அங்கே கணிப்புப் பிழைத்தாலும், தெரிவுக்குரிய இளைஞர் பெயரெல்லாம் பட்டியலில் இருக்கும். நம் நிலை அதுவோ? கொழும்பு, வெல்லவாய, அப்புத்தளை வழிகள் கூடும் பெரகலையைச் சூழ்ந்த தோட்டங்களிலே, தேயிலைச் சரிவினிடையே கிடைத்த சமநிலத்தில் ஆடும் சிறுவனைத் தேர்வாளர் வந்து காண்பது அரிது. தந்தைக்கு மேலாளர் நட்பும் இல்லை. தவறாக மதிப்பிடப்பட்டவன் பின்னொருநாள் மீளலாம். மதிப்பிடவே படாதவன் எங்ஙனம் மீள்வான்?

அவன் பெயரை முதலில் எழுதக்கூடியவர் ஆசிரியரே. மாணவன் பெற்ற புள்ளியோடு, அவன் எய்தக்கூடிய எல்லையையும் நம் ஏட்டில் குறித்து வைப்போமாக.