நீரில்லாமல் பிறந்த பாறை

தாம்பரம், குரோம்பேட்டை, சிட்லபாக்கம், செம்பாக்கம் பக்கம் மே மாதத்தில் இரண்டு பேர் தெருவில் நின்று பேசினால், பேச்சு எப்படியும் போர் ஆழத்துக்கு வந்துவிடும். எத்தனை அடி போட்டீர்கள், எத்தனையாவது அடியில் தண்ணீர் வந்தது, மோட்டார் எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடுகிறது? இந்தப் பேச்சில் ஒரு புதிர் தவறாமல் தலைகாட்டும். ஒரு வீட்டில் 120 அடியில் கிடைத்த தண்ணீர், காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் 300 அடி தோண்டியும் கிடைப்பதில்லை. ஈசானிய மூலை, ராசி, நீரோட்டம் பார்த்தவரின் கை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மையான காரணத்தைக் கடற்கரை மின்சார ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். பல்லாவரத்திலும் திரிசூலத்திலும் தண்டவாளத்தை ஒட்டி எழும் அந்தக் குன்றுகள்தான் காரணம்.

அந்தக் குன்றுகளின் பாறைக்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தா நகரத்தின் தொடக்க காலத்தோடு பெயர் சேர்ந்த ஜாப் சார்னாக்கின் கல்லறை அங்கே செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அதன் மேல் பதித்த கல் பல்லாவரத்துப் பக்கத்துக் கல். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து 1893-இல் அதை விவரித்து, சார்னாக்கின் பெயரையே அந்தப் பாறைக்குச் சூட்டினார். அன்று முதல் அண்டார்க்டிகாவில் கிடைத்தாலும் நார்வேயில் கிடைத்தாலும் இவ்வகைப் பாறைக்கு அதே பெயர்தான். பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்தில் இது வெளித்தெரியும் இடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகவும் அறிவித்திருக்கிறார்கள். நமக்கோ இது கருங்கல் ஜல்லியாகப் பழக்கம். வீட்டுக் கான்கிரீட்டிலும் ஜி.எஸ்.டி. சாலையின் தாருக்கு அடியிலும் இருப்பது இதன் துண்டுகள்தான்.

புதிதாக உடைத்த ஒரு சில்லை வெயிலில் திருப்பிப் பார்த்தால் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். நிறம் கறுப்பு என்று தோன்றும். உற்றுப் பார்த்தால் பச்சையும் நீலமும் கலந்த சாம்பல். படிகக்கல் கூட வெள்ளையாக இல்லாமல் நீலம் பூத்திருக்கும். இடையிடையே தெரியும் பழுப்புக் கறுப்பு மணிகளில் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் உண்டு. இந்தப் பாறையின் பிறப்புச் சான்றிதழ் அந்தக் கனிமம்தான்.

சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் மேலோட்டில் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் இது உருவானது. அந்த ஆழத்தில் போதிய நீர் இருந்திருந்தால் அதே இரும்பும் மக்னீசியமும் சிலிக்காவும் சேர்ந்து அபிரக வகைகளையும் ஹார்ன்பிளெண்டையும் தந்திருக்கும். அந்தக் கனிமங்களின் கட்டமைப்பிலேயே நீரின் கூறு உண்டு. ஹைப்பர்ஸ்தீனில் அது இல்லை. நீர் கிட்டத்தட்ட இல்லாத சூழலில்தான் இவ்வளவு ஹைப்பர்ஸ்தீன் விளையும். ஆகவே நம் வீடுகளுக்குக் கீழே இருப்பது நீரில்லாமலேயே பிறந்த பாறை. மணிகள் ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொண்டிருப்பதால் பின்னாளில் நீர் நுழையவும் அதற்குள் இடமில்லை.

பிறகு போர்களில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இரண்டே இடங்களிலிருந்து.

முதல் இடத்தை, போர் வண்டி வேலை செய்யும்போது பக்கத்தில் நின்றால் பார்க்கலாம். திருச்செங்கோட்டுப் பதிவெண்ணோடு வரும் வண்டிதான் பெரும்பாலும். கம்ப்ரசர் காற்று குழிக்குள் இருந்து தள்ளிவிடும் தூள் முதலில் செம்மண் நிறத்தில் வரும். சிறிது நேரத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக, கையில் எடுத்தால் நொறுங்கும் சிறு கற்கள் வரும். அதற்கப்புறம் ஓசை மாறும். மாவைப்போல் மெல்லிய, நீலம் கலந்த சாம்பல் தூள் புகையாக எழும்பித் தெரு முழுக்கப் படியும். வண்டிக்காரர் அங்கே நிறுத்தி, “பாறை வந்துடுச்சு, கேசிங் இறக்கலாம்” என்பார். அந்த நடு அடுக்கு மக்கிய பாறை. பாறை தரைக்கு அருகே வந்த பின் மழைநீரும் காற்றும் பல லட்சம் ஆண்டுகளாக அதை அரித்ததில், ஃபெல்ட்ஸ்பார் கனிமம் களிமண்ணாகிவிட்டது. படிகக்கல் மணலாக எஞ்சிவிட்டது. அந்த மணல் இடுக்குகளில்தான் நீர் நிற்கிறது.

இரண்டாவது இடம், கீழே உள்ள கெட்டிப் பாறையின் வெடிப்புகள். இந்தப் பாறைக்கு மேல் கிடந்த பல கிலோமீட்டர் கனமான பாறை காலப்போக்கில் தேய்ந்து போனது. சுமை குறைந்ததும் பாறை சற்றே விரிந்து படுக்கைவாட்டில் பிளந்தது. நிலத்தட்டுகளின் அழுத்தத்தில் செங்குத்தான வெடிப்புகளும் விழுந்தன. இவை பழைய சுவரில் ஓடும் விரிசலைப் போன்றவை. விரிசலில் அடித்த ஆணி உள்ளே போகும். ஒரு விரற்கடை தள்ளி அடித்தால் வளையும். 120 அடி போர் ஒரு வெடிப்பைச் சந்தித்தது, பக்கத்து வீட்டு 300 அடி போர் எதையும் சந்திக்கவில்லை. புதிரின் விடை இவ்வளவுதான்.

“இன்னும் இருநூறு அடி போட்டுப் பார்ப்போம்” என்ற யோசனை பல வீடுகளில் பணத்தை விழுங்குவதற்கும் இதே பாறைதான் காரணம். ஒரு கன மீட்டர் சார்னகைட்டின் எடை ஏறத்தாழ 2.7 டன். 100 மீட்டர் ஆழத்தில், மேலே உள்ள பாறை ஒவ்வொரு சதுர மீட்டரையும் 270 டன் எடையோடு அழுத்துகிறது. ஆழம் கூடக்கூட வெடிப்புகள் குறையும், இருப்பவையும் இறுகும். ஆழத்தில் அதிர்ஷ்டம் அடிப்பது உண்டு. ஆனால் அடிக்கு அடி அதற்கான வாய்ப்பு தேய்ந்துகொண்டே போகும்.

வெடிப்பை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. உலர்ந்த பாறை மின்சாரத்தை எளிதில் விடாது, ஈரப் பாறை விடும். தரையில் கம்பிகளை ஊன்றி மின்னோட்டம் செலுத்தி இந்த வேறுபாட்டை அளக்கும் முறை 1910-களிலேயே வந்துவிட்டது. ஆனால் முப்பது மீட்டர் ஆழத்தைப் பார்க்க வேண்டுமானால் தரைமட்டத்தில் ஏறக்குறைய நூறு மீட்டர் நீளத்துக்குக் கம்பிகளை விரிக்க வேண்டும். அரை கிரவுண்ட் மனையில் அதற்கு எங்கே போவது? போதாக்குறைக்குத் தெருவுக்கு அடியில் போகும் குழாயும் கேபிளும் அளவைக் குழப்பும். அதனால்தான் பட்டதாரிகள் நிறைந்த புறநகரிலும் உள்ளங்கைத் தேங்காய்க்கும் வேப்பங்கவைக்கும் வேலை குறையவில்லை. மக்கிய அடுக்கு கனமாக உள்ள இடத்தில் எங்கே தோண்டினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும். தேங்காய் பலித்ததாகத் தோன்றும். அடுக்கு மெலிந்த இடத்தில் தேங்காயும் பொய்க்கும்.

இனி ஒரு கணக்கு. இந்தப் பகுதியின் தண்ணீர்க் கதை முழுவதும் அதற்குள் இருக்கிறது.

ஆற்று மணலில் 100 லிட்டர் கனஅளவிலிருந்து ஏறத்தாழ 16 லிட்டர் நீர் வடியும் என்பது இந்திய நிலத்தடி நீர் மதிப்பீடுகளில் வழக்கமாகக் கொள்ளும் அளவு. மக்கிய பாறையிலிருந்து 2 அல்லது 3 லிட்டர்தான் வடியும். வெடிப்பு குறைந்த கெட்டிப் பாறையில் அரை லிட்டர் கூட இல்லை. ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். அதற்குக் கீழே 10 மீட்டர் கனத்துக்கு மக்கிய பாறை இருக்கிறது, அதில் நூற்றுக்கு 2 பங்கு நீர் வடியும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலத்தடித் தொட்டி முழுதும் நிரம்பினால் கொள்ளும் நீர் சுமார் 45,000 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுப்படி நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 540 லிட்டர் வேண்டும். 45,000 லிட்டர் 83 நாளைக்கு வரும். டிசம்பர் கடைசியில் மழை நின்றால் மார்ச் மூன்றாம் வாரம் தொட்டி காலி. லாரிக்குச் சொல்லிவைக்கும் காலம் ஏறத்தாழ அதுதான்.

வானம் குறைவாகக் கொடுக்கிறதா என்றால் இல்லை. சென்னையின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 140 சென்டிமீட்டர். ஒரு கிரவுண்டின் மேல் மட்டும் ஆண்டுக்கு 3.12 லட்சம் லிட்டர் விழுகிறது. ஒரு குடும்பத்தின் ஆண்டுத் தேவை 2 லட்சம் லிட்டருக்குள். ஒற்றை வீட்டுக்கு அதன் மனை மேல் விழும் மழையே மிச்சம். வைத்துக்கொள்ள இடம்தான் இல்லை. அதே மனையில் எட்டு ஃபிளாட் எழும்பினால் தேவை 15.8 லட்சம் லிட்டராகிறது, விழும் மழையைப் போல் ஐந்து மடங்கு. மீதி நான்கு மடங்கை அந்த போர், வெடிப்புகள் வழியாக அக்கம்பக்கத்து மனைகளுக்கு அடியிலிருந்தோ, லாரி வழியாக வேறு ஊரிலிருந்தோதான் எடுத்தாக வேண்டும்.

கிணற்று நீர்மட்டத்தின் துள்ளலும் இந்த 2 பங்கில்தான் அடங்கியிருக்கிறது. 10 சென்டிமீட்டர் மழைநீர் மண்ணுக்குள் இறங்கினால் மணல் நிலத்தில் நீர்மட்டம் 60 சென்டிமீட்டர் ஏறும். மக்கிய பாறையில் 5 மீட்டர் ஏறும். நவம்பரில் பழைய வீட்டு உறைக்கிணற்றில் கையால் மொண்டுகொள்ளும் உயரத்துக்குத் தண்ணீர் வருவதைப் பார்த்து, ஊற்று பெருகிவிட்டது என்று மகிழ்வோம். பாத்திரம் சிறியது என்பதால்தான் அவ்வளவு சீக்கிரம் நிரம்பியது. சீக்கிரம் நிரம்பும் பாத்திரம் சீக்கிரம் காலியும் ஆகும்.

பாறை வைத்துக்கொள்ளாது என்பதை இந்த ஊர்களை உண்டாக்கியவர்கள் புவியியல் படிக்காமலே புரிந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ட வழி ஏரி. குன்றுகளிலிருந்து வரும் நீரை மண்கரை கட்டி மறித்தார்கள். பாசனத்துக்கு மதகு, மிகுதிக்குக் கலங்கல், ஓர் ஏரியின் கலங்கல் நீர் அடுத்த ஏரிக்குப் போகக் கால்வாய். சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கிக்கொண்டே போய்ப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிப் போவது கிழக்குப் பக்கத்து ஓட்டம். மேற்குப் பக்கத்து நீர் முடிச்சூர் வழியாக அடையாற்றுக்குப் போகும். ஏரியின் வேலை பாசனத்தோடு முடியவில்லை. கரைக்கு இந்தப் பக்கத்துக் கிணறுகளுக்கு ஏரிநீர் மாதக்கணக்கில் மெல்லக் கசிந்து, மக்கிய பாறை காலியாகக் காலியாக ஊட்டிக்கொண்டே இருந்தது. அந்த 83 நாளை வெயில் காலம் வரை இழுத்தது இந்தக் கசிவுதான்.

வயல் மனையானதும் மதகுக்கு வேலை போயிற்று. கால்வாயைச் சாக்கடை எடுத்துக்கொண்டது. நீர் மட்டும் பழைய பாதையை மறக்கவில்லை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. நம் கணக்கில் ஒரு கிரவுண்டின் மேல் 1.09 லட்சம் லிட்டர். அதற்கு முந்தைய நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 100 சென்டிமீட்டருக்கு மேல் பெய்திருந்தது. 45,000 லிட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டி அதற்குள் பலமுறை நிரம்பியாயிற்று, ஏரிகளும் நிரம்பியாயிற்று. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது, நிலம் உள்ளே இழுக்க மறுத்த நீர்.

செய்யக்கூடியது என்ன? 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நம் பாறைக்குப் பொருத்தமாக அதைச் செய்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. போரில் கேசிங் குழாய் மக்கிய அடுக்கு முழுவதையும் மூடிக்கொண்டு இறங்குகிறது. அதனால் தோட்டத்து மழைக்குழியில் விழும் நீர் நேராக போருக்குள் போகாது. மக்கிய அடுக்கில் சேர்ந்து, அங்கிருந்து வெடிப்புக்குக் கசிய வேண்டும். அந்த அடுக்கைத் தொட்டுக்கொண்டிருப்பது திறந்த கிணறுதான். மொட்டை மாடி நீரை வடிகட்டிக் கிணற்றில் விடுவது இங்கே மிகச் சிறந்த வழி. கிணற்றைக் குப்பை போட்டு மூடி அதன் மேல் கார் நிறுத்துவது அந்த வழியை அடைப்பது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் செப்டிக் டேங்க் கசிவும் இதே அடுக்கில்தான் இறங்குகிறது. எனவே கிணற்று நீரைச் சோதிக்காமல் குடிக்கக் கூடாது.

மற்றது தனி வீட்டால் ஆகாது. 1882-ஆம் ஆண்டு அனுபோக உரிமைச் சட்டம், நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எடுக்கும் உரிமையை நிலத்தின் சொந்தக்காரருக்குத் தந்தது. சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கான நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-இல்தான் வந்தது. காகிதத்தில் மனைக்கு நான்கு எல்லை உண்டு. தண்ணீர் ஓடும் வெடிப்போ ஒரு மனையில் தொடங்கி ஐந்தாவது மனையில் முடிகிறது. 2021-இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, இந்த ஏரித் தொடரில் பல ஏரிகள் ஒரே நிர்வாகத்தின் எல்லைக்குள் வந்தன. கால்வாயைத் தூர்வாருவதற்கும் கலங்கலைப் பார்த்துக்கொள்வதற்கும் இது நல்ல வாய்ப்பு. குடியிருப்போர் சங்கங்கள் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். தெருவுக்கு ஒரு திறந்த கிணற்றைத் தேர்ந்து, மாதத்தின் முதல் நாள் கயிறும் கல்லும் கட்டி நீர்மட்டத்தை அளந்து எழுதி வைத்தால் போதும். ஓராண்டில் பன்னிரண்டு எண்கள் சேரும். எந்த மாதம் தொட்டி காலியாகிறது, அடுத்த எட்டு ஃபிளாட்டுக்கு இந்தத் தெரு தாங்குமா என்று கேட்கும்போது, தேங்காயைவிட அந்த எண்கள் நம்பகமாகப் பதில் சொல்லும்.