உடலால் மனனம் செய்யும் கலை

'குங்ஃபூ' என்றதும் நம் நினைவுக்கு வருவது திரைப்படங்களில் கூரைக்குக் கூரை தாவும் வீரர்களே. ஆனால் சீன மொழியில் அச்சொல் சண்டையை மட்டும் குறிப்பதன்று. நெடுநாள் உழைப்பினால் கைவந்த திறமை என்பதே அதன் பொருள். நன்றாகச் சமைப்பவரிடமும் அழகாக எழுதுபவரிடமும்கூட அது உண்டு என்பர் சீனர்.

இத்திறமையை வளர்க்கும் பாடங்களைத் 'தாவ்லூ' என்பர். குத்து, தடுப்பு, உதை, திரும்புதல் என்பன மாறாத ஒழுங்கில் கோக்கப்பட்ட அசைவுத் தொடர்கள் அவை. நாம் அவற்றை 'வரிசைகள்' எனலாம். எழுத்தறியாத ஆசானும் தன் அறிவை அடுத்த தலைமுறையிடம் கையளிக்க இவ்வரிசைகளே உதவின. புத்தகம் தொலைந்தாலும் வரிசை தொலையாது. ஆனால் கற்றுக்கொள்ள ஒருவரும் வராவிட்டால், ஆசானோடு அதுவும் அடங்கிவிடும்.

வட சீனாவின் 'தான்துய்' இதற்கு நல்ல உதாரணம். விசையோடு தெறிக்கும் கால் என்பது பெயரின் பொருள். சீனாவின் ஹூய் முஸ்லிம்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தனர். அரபு எழுத்துக்களைப் போல் ஆரம்பத்தில் 28 வரிசைகள் இருந்தன என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக் கதை. இன்று அவர்கள் பயில்வது 10 வரிசைகள். 1910 இல் ஷங்காயில் தோன்றிய ஜிங்வூ கழகமோ 12 வரிசைகள் கொண்ட தான்துய்யைத் தன் ஆரம்பப் பாடமாக்கியது.

முதல் வரிசையில் இருப்பது மிகச் சிறிய பாடம். முன்காலை மடித்து, பின்காலை நீட்டி, வில் போன்ற நிலையில் நிற்க வேண்டும். இரு கைகளும் காவுதடி போல ஒரே கோட்டில் நீள, முன்னே குத்த வேண்டும். பிறகு அதையே மறுபக்கம் செய்ய வேண்டும். இப்படி இடமும் வலமுமாக நேர்கோட்டில் சென்று, திரும்பி வர வேண்டும். இரண்டாம் வரிசையில் குத்துடன் உதையும் சேர்கிறது. அவ்வுதை பெரும்பாலும் இடுப்புக்கு மேல் உயராது. உயரத்தைவிட நிலை குலையாமையே முக்கியம்.

ஒரே அசைவை ஏன் இத்தனை தடவை செய்ய வேண்டும்? முதலில் கண்ணுக்குத் தெரிவது உருவம் மட்டுமே. கை எங்கே, கால் எங்கே என்று எண்ணிக்கொண்டே செய்கிறோம். எண்ணுவது நின்ற பின்னரே அடுத்த படி தொடங்குகிறது. கையோடு பாதமும், முழங்கையோடு முழங்காலும், தோளோடு இடுப்பும் இசைய வேண்டும் என்பது சீனக் கலைகளில் பரவலாகச் சொல்லப்படும் விதி. அவை இசையும்போது குத்தின் வலு தோளிலிருந்து மட்டும் வராது. தரையை ஊன்றிய பாதத்திலிருந்து எழுந்து, இடுப்பின் வழியே முட்டியை அடைகிறது. இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. செய்துதான் உணர வேண்டும்.

சிறு வயதில் அலிஃப், பா, தா என நாம் ஓதப் பழகியதை எண்ணிப் பாருங்கள். ஓர் எழுத்து பிழைத்தாலும் உஸ்தாத் அதே இடத்துக்குத் திருப்பிவிடுவார். அன்று அது நமக்குச் சலிப்பு. இன்று நம் நாவு பிழையின்றி ஓடுவது அந்தச் சலிப்பைத் தாண்டியதனால்தான். வரிசை பயில்பவளின் நிலையும் அதுவே.

இக்கலை ஆண்களுக்கே உரியது என எண்ண வேண்டாம். ஹெபெய் மாகாணத்தின் சாங்ஜோவில் 1881 இல் பிறந்த ஹூய் முஸ்லிம் வீரர் வாங் ஸிபிங், எலும்பு முறிவு வைத்தியத்திலும் பெயர் பெற்றவர். 1928 இல் நான்ஜிங்கில் அமைந்த தேசியத் தற்காப்புக் கலைக் கழகத்தில் ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அவர் தம் கலையை மகள் வாங் ஜூரோங்குக்கும் கற்பித்தார். அம்மகள் ஷங்காயில் உயர்கல்வி மாணவருக்கு அதைப் போதித்தார். பின்னர் அமெரிக்கா சென்று அங்கும் கற்பித்தார். 2006 இல் அவர் காலமானபோது, அவரிடம் கற்ற மாணவர்களிடம் அந்த வரிசைகள் எஞ்சியிருந்தன.

பெற்றோர்களே, பிள்ளை ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்கிறாளே, முன்னேற்றம் எங்கே என்று அவசரப்படாதீர்கள். சகோதரிகளே, முதல் வரிசை சலிக்கும் நாளில் விட்டுவிடாதீர்கள். உண்மையான கல்வி அங்கேதான் ஆரம்பமாகிறது.